ஓட்டை போடாத டேங்க்

போன மாதம் பர்வீன் என் வீட்டுக்கு வந்தாள். நான் முப்பத்தெட்டு வருடம் என்ஜின் மிஸ்திரியாக இருந்த கடையில் இப்போது சர்வீஸ் இன்சார்ஜ் அவள்தான். வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டுகிற மெஷின் ஒன்றில் பெட்ரோல் ஒழுகுகிறதாம். விற்றதையெல்லாம் திரும்ப வாங்கிச் சரிசெய்து தரச்சொல்லிக் கம்பெனி உத்தரவு போட்டிருக்கிறது. ரீகால் என்கிறார்கள். வாங்கினவர்களுக்கெல்லாம் போனில் மெசேஜ் அனுப்பியாயிற்று. இரண்டு நீல டிக் விழுந்துவிட்டால் படித்துவிட்டார்கள் என்று கணக்கு.

“அங்கிள், உங்க காலத்துலயும் ரீகால்லாம் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் ஏதோ கல்லை உரசித் தீ மூட்டிக்கொண்டிருந்தவர்கள் மாதிரியல்லவா கேட்கிறாள். இருந்தது என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், டெக்னீஷியன்களுக்கு டிரெய்னிங்கில் படித்துக் காட்டுகிறேன் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ரீகால் ஒன்றே ஒன்றுதான். அதை நான் பல வருடமாக யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் சாயல்குடிப் பக்கத்துக்காரன். பத்தொன்பது வயதில் மெட்ராஸில் கப்பலேறி, நாலு நாள் வாந்தியெடுத்து, போர்ட் பிளேரில் இறங்கினேன். படகு என்ஜின்களைப் பிரித்துப் பூட்டி ஆறு வருடம் தொழில் கற்றேன். அதை விரித்து எழுதினால் எனக்கே தூக்கம் வரும். அதன்பிறகு அபர்தீன் பஜாரில் செய்யது முதலாளி கடைக்கு வந்து சேர்ந்தேன்.

முதலாளி கீழக்கரைப் பக்கத்து மனிதர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, எப்போதும் அடங்கின குரல். தபால் வந்தால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உறையைப் பிரிப்பார். எந்தக் கடிதத்தையும் மூன்று தடவை படிப்பார். முதல் தடவை நின்றுகொண்டு, இரண்டாம் தடவை உட்கார்ந்து, மூன்றாம் தடவை எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு வைத்து வாய்விட்டு. எங்களை ‘வா, போ’ என்றுதான் பேசுவார். கோபம் வந்துவிட்டால் மட்டும் ‘வாங்க, உட்காருங்க’ என்று மாறிவிடும். அந்த மரியாதை யாருக்குக் கிடைக்கிறதோ அவனுக்கு அன்று சோறு இறங்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கடையில் குட்டி பம்ப் ஒன்று விற்றோம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இந்தத் தீவில் எட்டு மாதம் மழை கொட்டும். தை பிறந்துவிட்டால் ஓடை இளைத்துப் போகும். காட்டைத் திருத்தி வீடு கட்டிக்கொண்ட செட்டிலர்கள் கொல்லையில் மிளகாயும் கத்தரியும் போட்டிருப்பார்கள். அந்த நாலு மாதத்துக்கு ஓடையில் கிடக்கிற தண்ணீரைக் கொல்லைக்கு ஏற்ற இந்தக் குட்டி பம்ப் வந்தது ஒரு பெரிய வரம். கம்பெனி மெயின்லாண்டில் இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கம்பெனியே இல்லை.

ஒரு கார்த்திகையில் கப்பல் தபாலில் கம்பெனிக் கடிதம் வந்தது. மூன்றாம் தடவைப் படிப்புக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஒரு குறிப்பிட்ட வரிசை நம்பர் கொண்ட டேங்க்குகளில், பெட்ரோல் அறையின் அடியில் தகடுகளைச் சேர்த்த தையல் சரியாகப் பற்றவில்லை, என்ஜின் அதிரும்போது தையல் விரிந்து, கீழேயிருக்கும் சைலன்சர் மேல் பெட்ரோல் சொட்டலாம், விபத்து ஏற்படக்கூடும், புது டேங்க் அனுப்பியிருக்கிறோம், கடை போர்டில் அறிவிப்பு ஒட்டவும். இவ்வளவுதான் கடிதம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

“‘ஏற்படக்கூடும்’னு எழுதியிருக்கான். ஏற்பட்டுருச்சுன்னு அர்த்தம். எங்கயோ ஒருத்தன் வெந்திருக்கான். இல்லாட்டி கம்பெனிக்காரன் கடுதாசி போடுவானா?”

“போர்டுல ஒட்டிரவா மொதலாளி?”

“மாயாபந்தர் ஓடைக்கரையில இருக்கிறவன் நம்ம போர்டப் பாக்கவா கப்பலேறி வருவான்? யார் யார் வாங்கினாங்கன்னு பேரு இருக்குல்ல. நீ போ. ஒவ்வொரு வீடாப் போ.”

முப்பத்தொரு பம்ப். எல்லாம் வட அந்தமானிலும் நடு அந்தமானிலும் சிதறிக் கிடந்தன. கழற்றின டேங்க்கைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. பெட்ரோல் வாடையடிக்கிற எதையும் பயணிகள் படகில் ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே முதலாளி தாமாக ஒரு முறை வகுத்தார். பழைய டேங்க்கைக் கழற்றி எண்ணெயை வடித்துக் காயவைக்க வேண்டும். புதியதைப் பூட்டி, பெட்ரோலில் ஒருமுறை, மண்ணெண்ணெயில் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு பழைய டேங்க்கைச் சொந்தக்காரர் கண் முன்னால் வைத்து உளியால் அடிப்பக்கத்தில் இரண்டு ஓட்டை போட வேண்டும். நம்பர் தகட்டை மட்டும் நெம்பி எடுத்துக்கொண்டு, ‘துளையிடப்பட்டது’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வர வேண்டும்.

ஓட்டைக்கும் அளவு சொன்னார். தம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

“இந்த வெரலு உள்ள போகணும். ஈயம் வச்சு அடைக்கிற அளவுக்குப் போட்டீன்னா அது ஓட்டையே இல்ல. நம்ம ஜனங்களப் பத்தி ஒனக்குத் தெரியும்ல.”

தெரியும். இந்தத் தீவில் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் கிடையாது. அடுத்த கப்பல் என்றைக்கு வருமென்று யாருக்கும் தெரியாத ஊரில் துருப்பிடித்த ஆணிக்குக்கூட ஒரு வேலை காத்திருக்கும். செத்துப்போன லாரியின் டயர் செருப்பாகும். அதன் ஸ்பிரிங் பட்டை மரம் வெட்டுகிற தாவ் கத்தி ஆகும். அப்படிப்பட்ட ஜனங்கள் முன்னால் நல்ல டேங்க் ஒன்றை உளியால் குத்திக் கிழிப்பதென்பது, பசித்தவன் எதிரில் சோற்றைக் கொட்டுகிற மாதிரிதான்.

லாங் ஐலண்டில் முதல் வீட்டிலேயே பம்பை ஒளித்து வைத்துவிட்டார்கள். கடைக்காரன் பம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று நான் படகுத்துறையில் இறங்குவதற்கு முன்பே சேதி பரவிவிட்டது. மர ஆலையில் வேலை பார்த்த அந்த மலையாளத்துக்காரர், “பம்ப் காலி, கடல்ல விழுந்துபோச்சு” என்று சாதித்தார். வாழைச் சருகுக்கு அடியிலிருந்து சைலன்சர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புது டேங்க்கை அவர் கையில் கொடுத்த பிறகுதான் கடலில் விழுந்த பம்ப் கரையேறியது. பழைய டேங்க்கில் நான் உளியை வைத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான். கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். நானும் மசியாமல் குத்திக்கொண்டே போனேன். முதலாளி சொன்னபடி ஒவ்வோர் ஓட்டையிலும் கட்டை விரலை விட்டுப் பார்ப்பேன். இரண்டு தடவை விரலில் ரத்தம்கூட வந்தது.

மாயாபந்தரிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் ஓடைக்கரையில் முத்தையா வீடு. காட்டிலாகாவில் மரம் இழுக்கிற வேலை பார்த்துவிட்டு அங்கேயே நிலம் வாங்கித் தங்கிவிட்டவர். நான் போன அன்று அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி லெட்சுமி மட்டும் இருந்தார். அந்த அம்மாளும் எங்கள் பக்கம்தான், முதுகுளத்தூர். என் பேச்சைக் கேட்டதுமே, “அடி ஆத்தி, நம்ம ஊருத் தம்பியா?” என்று கேட்டு, என்னை உட்காரவைத்து மீன் குழம்போடு சோறு போட்டார். மல்லியும் புளியும் எங்கள் ஊர்க் கணக்கில் விழுந்திருந்த குழம்பு. இரண்டு வருடமாக அந்த ருசியை நான் நாக்கில் காணவில்லை.

டேங்க்கை மாற்றினேன். கயிற்றைச் சுற்றி இழுத்துப் பம்பைக் கிளப்பினது லெட்சுமி அக்காள்தான். ஆண்பிள்ளை மாதிரி ஒரே இழுப்பு. பழைய டேங்க்கைக் கல்லில் கவிழ்த்து உளியை எடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அதக் குத்தாத. இரு, ஒன்னு காட்டுறேன்.”

உள்ளே போய் ஒரு மண்ணெண்ணெய் டின்னை எடுத்துவந்தார். அடியில் மூன்று இடத்தில் சோப்புக்கட்டியைத் தேய்த்து அடைத்திருந்தது. ராஷன் மண்ணெண்ணெய் மாதம் ஒருமுறைதான் படகில் வரும். அதில் பாதி இந்த டின்னிலேயே ஒழுகிப் போய்விடுகிறது. மாதக் கடைசியில் வீடு இருட்டு.

“இத மண்ணெண்ண ஊத்தி வச்சுக்கிறேன். பம்புக்குத்தான் புதுசு பூட்டியாச்சுல்ல? இந்தப் பழசப் போயி எவன் பூட்டப்போறான்?”

“மொதலாளி கேப்பாரு அக்கா.”

“கேட்டா ஒம் பேரு வராது தம்பி. நான் பாத்துக்கிறேன். சத்தியமா.”

நான் யோசித்தேன். நிறைய யோசித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன், அந்தச் சோப்புக்கட்டியைப் பார்த்து மனசு இளகிவிட்டது, அவ்வளவுதான். நம்பர் தகட்டை மட்டும் நெம்பி எடுத்தேன். ‘துளையிடப்பட்டது’ என்ற தாளில் அவர் கைநாட்டு வைத்தார். டேங்க்கைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வீட்டுக்குள் தூக்கிப்போய் வைத்துக் கொடுத்ததும் நானே.

போர்ட் பிளேருக்குத் திரும்பி முப்பத்தொரு தகட்டையும் முதலாளி மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“எல்லாத்துலயும் வெரலு போச்சா?”

“போச்சு மொதலாளி.”

“நல்லது. போயி டீ குடி” என்றார்.

அடுத்த மாசி. மாயாபந்தரிலிருந்து வந்த படகில் தீப்பட்ட ஒரு பொம்பளையைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். பம்ப் பற்றிக்கொண்டதாம். முதலாளி கடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். நான் அவர் பின்னால் நடந்தேன். யார் என்று போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஓடைக்கு அந்தப்புறம் நிதாய் என்று ஒருவர். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து குடியேறியவர், மனைவியை இழந்தவர், சின்ன மகன் ஒருவன் உண்டு. லெட்சுமி அக்காளை அவரும் அக்கா என்ற பொருளில் தீதி, தீதி என்றுதான் கூப்பிடுவார். காண்ட்ராக்டர் ஒருவரிடம் அதே மாதிரிப் பழைய பம்ப் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வைத்திருந்தார். எங்கள் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. கடல் காற்றில் அவருடைய டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மிளகாய்ச் செடி வாடுகிறது, அடுத்த கப்பல் எப்போதென்று தெரியாது. அக்காள் டேங்க்கிலிருந்த மண்ணெண்ணெயைப் பாட்டில்களில் வடித்துவிட்டு, “எடுத்துக்கோ, உன் செடி பொழைக்கட்டும்” என்று தூக்கிக் கொடுத்திருக்கிறார். பம்ப் கிளம்பாமல் சண்டித்தனம் செய்தபோது கிளப்பிக் கொடுக்கவும் அவரே போயிருக்கிறார். கிளம்பிவிட்டது. மண்ணெண்ணெய்க்கு மாற்றக் குனிந்த நேரம், சொட்டின பெட்ரோல் சைலன்சரில் பிடித்துக்கொண்டது. உடுத்தியிருந்தது நைலான் சேலை.

ஆஸ்பத்திரியில் அக்காள் நினைவோடுதான் இருந்தார். முகத்தில் காயமே இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. முத்தையா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி குனிந்து, அந்த அடங்கின குரலில் கேட்டார்.

“அம்மா, மன்னிக்கணும். அந்த டேங்க்ல எங்க ஆளு ஓட்டை போட்டானா இல்லியா?”

அக்காள் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டேன்.

“போட்டாரு. தம்பி போட்டுட்டுத்தான் குடுத்தாரு. நிதாய்தான் ஈயம் வச்சு அடச்சுக்கிட்டான்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். மூன்றாம் நாள் விடியலில் உயிர் போயிற்று.

அந்த வார்த்தை நிதாயை என்ன செய்யும் என்று அவர் நினைத்துப் பார்த்தாரா, இல்லை அந்த வேதனையில் கையில் அகப்பட்ட பெயரைச் சொன்னாரா, இந்த வயது வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் பெயர் தப்பித்துவிட்டது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும், போய் டேங்க்கைப் பார்த்துவிட்டு வா என்று முதலாளி என்னையே அனுப்பினார். மாயாபந்தரில் இறங்கினதும் படகுத்துறை டீக்கடையிலேயே பேச்சு அதுதான். ‘அந்த பெங்காலி ஈயம் வச்சுப் பொம்பளையக் கொன்னுட்டான்.’ ஓடைக்குப் போகிற பொதுப்பாதையில் முத்தையா முள்ளை வெட்டிப் போட்டிருந்தார். நிதாய்க்கு அந்த வழியாகத்தான் ஊருக்கு வர வேண்டும். மகனைக் கூட்டிக்கொண்டு சதுப்புக்குள் இறங்கிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் குடிசைக்குப் போனேன். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. சாக்கைப் போட்டு அக்காள் மேல் விழுந்து தீயை அணைத்தவர் அவர்தான். அந்த டேங்க்கைச் சாக்கில் சுற்றித் துணி காயப்போடும் கொடியடியில் வைத்திருந்தார். காலாலேயே நகர்த்தி என் முன்னால் தள்ளினார். புரட்டிப் பார்த்தேன். தையல் விரிந்திருந்தது. மற்றபடி அடித்தகடு முழுசாக இருந்தது.

“மிஸ்திரி, தும் போலோ” என்றார். நீ சொல் என்று அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஓட்டை இல்லையென்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உலகத்தில் அது தெரிந்த மற்றொரு ஆளை எரித்து முடித்திருந்தார்கள்.

“ரிப்போர்ட் போடணும்” என்று ஹிந்தியில் முணுமுணுத்துவிட்டு டேங்க்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எரிந்து பெட்ரோல் வாடை போய்விட்டிருந்ததால் படகில் ஏற்றத் தடையில்லை. திரும்புகிற படகில், கரை மறைந்த பிறகு, அதைக் கடலில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. அப்படியொரு நாய்க்குணம் எனக்குள் இருந்தது அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

ஈயம் வைத்து அடைத்திருந்தது என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். முதலாளி நின்றுகொண்டு படித்தார். உட்கார்ந்து படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஈயம் எந்தப் பக்கம் வச்சிருந்தான்?”

“அடிப்பக்கம் மொதலாளி.”

“ஒரு எடமா, ரெண்டா?”

“ரெண்டு.”

“கட்ட வெரலு போற ஓட்டையில ஈயம் நிக்காதே. ஒழுகிக் கீழ விழுந்துரும். தகடு வெட்டி வச்சுத்தான் பத்த வைக்க முடியும். தகடு இருந்துச்சா?” கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நல்லாப் பாத்தீங்களா?”

‘பாத்தீங்களா’ என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோறு, சோப்புக்கட்டி, கைநாட்டு, கடலில் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் என் ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கிழித்தார்.

“அடுத்த படகுல போங்க. அந்த அம்மா புருசன்கிட்டயும், அந்த நிதாய்கிட்டயும் போயி நின்னு, இதச் சொல்லிட்டு வாங்க.”

அடுத்த படகு பதினாறு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அந்தப் பதினாறு நாளும் படகு என்ஜின் பழுதாகக் கிடந்தது. நானே போய் அதைச் சரிசெய்து கொடுத்துக் கிளப்பினேன். போகப் பயமாகவும் இருந்தது, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

முத்தையாவிடம் வாசலில் நின்றபடியே சொன்னேன். முழுதும் கேட்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்ப் பாதையில் கிடந்த முள்ளை வெறுங்கையால் இழுத்து ஓரத்தில் போட்டார். ஓடையைத் தாண்டினார். நான் பின்னாலேயே போனேன். நிதாய் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து ஓவென்று அழுதார். நிதாய் கட்டுப் போட்ட கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

படகுத்துறையில் நாலு பேர் முன்னால் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் போயிருந்தேன். நிதாய் வேண்டாமென்று தலையாட்டினார். அவர் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“தீதி அதைச் சொல்லிவிட்டுச் செத்திருக்கிறாள். நீ போய் மாற்றிச் சொன்னால், அவள் சாகிறபோது பொய் சொன்னாள் என்று ஊர் பேசும். என் பெயரைச் சொன்னால் நான் தாங்கிக்கொள்வேன் என்றுதான் சொல்லியிருப்பாள். இருக்கட்டும்.”

முத்தையா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அவ பேரக் கெடுக்காதீங்க மிஸ்திரி. எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாப் போதும். நீங்க கெளம்புங்க.”

கிளம்பிவிட்டேன். அப்போது எனக்கு வந்தது துக்கமில்லை, நிம்மதி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நிம்மதிதான் வந்தது. நான் குத்தாத ஓட்டைக்காக அந்த அம்மாள் ஒருமுறை என்னைக் காப்பாற்றினார். பிறகு அந்த இரண்டு ஆண்களும் சேர்ந்து காப்பாற்றினார்கள்.

முதலாளி மட்டும் காப்பாற்றவில்லை. ‘துளையிடாமல் விட்டது எங்கள் கடையின் தவறு’ என்று கம்பெனிக்குத் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. அந்தப் பம்பை அதன்பிறகு அவர் விற்கவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவுமில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று வந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் காலமாகிற வரைக்கும் பதினேழு வருடம் என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார். ஒருநாள்கூட வாய் தவறி ‘வா’ என்று வந்ததில்லை. கடைசியாகப் படுக்கையில் பார்க்கப் போனபோதும், “வாங்க, உட்காருங்க” என்றார்.

முத்தையாவும் நிதாயும் சாகிற வரை ஒரே பம்பில் இரண்டு கொல்லைக்கும் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஊர் மட்டும் வாயை மூடவில்லை. நிதாயின் மகன் சுபலைப் பள்ளிக்கூடத்தில் ஈயக்காரன் மகன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பல வருடம் கழித்து வேலை விஷயமாக மாயாபந்தர் போனவன், அவன் படகுத்துறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற சாமான் கடையில் ஏறினேன். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஒரு பழைய ஸ்டவ்வைப் பழுது பார்த்துத் தருவாயா என்று யாரோ கேட்டார்கள். “பழுது வேலை எங்கள் கடையில் கிடையாது. புதுசு மட்டும்தான். எங்கள் அப்பா ஒரு டேங்க்கை அடைத்துக் கொடுத்து ஒரு உயிர் போய்விட்டது” என்று ஹிந்தியில் சொன்னான், விலையைச் சொல்வது போல. நிதாய் தம் மகனிடம்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவன் நீட்டின டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலும் நிதாய் குடிசையிலும் போல, மூன்றாம் தடவையும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் பர்வீன் போன் செய்தாள். எழுதிவிட்டீர்களா அங்கிள் என்று கேட்டாள். பிறகு, “நானும் ஒரு பழைய கேஸ் பிடிச்சு வச்சிருக்கேன். மாயாபந்தர்ல ஒரு பெங்காலிக்காரர் ரீகால் பண்ணின டேங்க்க ஈயம் வச்சு அடைச்சு, ஒரு லேடி செத்துட்டாங்களாம். ஓனருங்கள நம்பக்கூடாதுங்கிறதுக்கு நல்ல எக்ஸாம்பிள் இல்ல?” என்றாள்.

நல்ல உதாரணம்தான். பர்வீன், உன் டெக்னீஷியன்களுக்கு இதை அப்படியே படித்துக் காட்டு. சொந்தக்காரர்களை நம்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. ஓட்டை போட்டேன் என்று சொல்கிற மிஸ்திரியை நம்பாதே, போய் நீயே விரலை விட்டுப் பார். லெட்சுமி அக்காள் என்னை மன்னிக்கட்டும். அவர் சாகும்போது சொன்னதை இத்தனை வருடம் நிற்கவிட்டேன். இப்போது சாய்க்கிறேன்.

ஆனால் சுபலுக்குத் தமிழ் படிக்க வராது. இதை எழுதினதோடு என் வேலை முடிந்துவிடவில்லை. நாளை விடியலில் மாயாபந்தர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மகள், இந்த முட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் எதற்கு என்று சத்தம் போடுகிறாள். அவன் கடையில் ஏறி, ஹிந்தியில் மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். அந்த டேங்க்கில் ஓட்டையே கிடையாது. உன் அப்பா ஈயமே வைக்கவில்லை. ஓட்டை போடாமல் விட்டவன் நான். ஒரு வாரமாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டும் வந்துவிடுகின்றன, மூன்றாவது இன்னும் வரவில்லை.